பெரிய பட்டன் என்டர் இல்லை

"தம்பி, கீபோர்டு செத்துப்போச்சுங்க, வேற ஒண்ணு கொடுத்து விடுங்க" என்று வாரத்துக்கு ஒரு போனாவது எனக்கு வந்துவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் ஒரு புதுக் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு டிஸ்பாட்ச் பக்கம் ஓடுவேன், மாட்டிவிட்டு வருவேன், அரை மணி கழித்து அதே இடத்திலிருந்து மறுபடியும் போன் வரும். கழற்றி வந்ததை என் மேசையில் மாட்டிப் பார்த்தால் ஒரு குறையும் இருக்காது. இப்போது யார் கூப்பிட்டாலும் வெறும் கையோடுதான் போகிறேன். பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, விரல் எங்கே போகிறது, திரையின் கடைசி வரியில் என்ன வருகிறது என்று இந்த இரண்டை மட்டும் பார்க்கிறேன். ஏஎஸ்/400 என்ற ஐபிஎம் கம்ப்யூட்டரைப் பார்க்கிற ஆட்களை எனக்குத் தெரிந்த வட்டத்தில் விரல் விட்டு எண்ணிவிடலாம், அதனால் தெரிந்ததை எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது.

நான் இருப்பது சேலத்தில் ஒரு நூல் மில்லில். முதலாளி குடும்பத்துக்கு ஏற்காட்டில் காபி எஸ்டேட்டும் உண்டு. பஞ்சு பேல் வரவு, நூல் மூட்டை அனுப்புவது, எஸ்டேட்டில் பழம் பறிக்கிறவர்களின் கூலிக் கணக்கு எல்லாம் ஒரே பெட்டியில் ஓடுகிறது. ஐபிஎம் இந்த வகைப் பெட்டியை 1988 ஜூனில் ஏஎஸ்/400 என்ற பெயரில் கொண்டுவந்தது. பிறகு ஐசீரிஸ், சிஸ்டம் ஐ, ஐபிஎம் ஐ என்று பெயர் மாறினாலும் எங்கள் மில்லில் அது ஏஎஸ்/400-தான். பெட்டியை மாற்றியிருக்கிறோம், உள்ளே ஓடுகிற, ஆர்பிஜி என்ற கம்ப்யூட்டர் மொழியில் உள்ள புரோகிராம்களில் பாதிக்கு மேல் தொண்ணூறுகளில் எழுதியவை. அன்றைக்கு வரைந்த பச்சை எழுத்துத் திரையில்தான் இன்றைக்கும் லாரி லோடு ஏறுகிறது.

அந்தத் திரைக்கு 5250 என்று பெயர். 24 வரி, வரிக்கு 80 எழுத்து, மொத்தம் 1920 இடம். பிசியில் பழகியவர்களுக்கு முதலில் பிடிபடாத விஷயம் ஒன்று உண்டு. இங்கே ஒரு எழுத்தைத் தட்டினால் அது கம்ப்யூட்டருக்குப் போவதில்லை. ரயில்வே ரிசர்வேஷன் ஃபாரம் மாதிரி, எல்லாக் கட்டத்தையும் நம் பக்கத்தில் வைத்தே நிரப்பி, கடைசியில் கவுண்டருக்குள் தள்ளுகிறோம். தள்ளுகிற வேலையை என்டர், எஃப்3, பேஜ் டவுன் மாதிரி சில பட்டன்கள்தான் செய்யும், அப்போதும் மாற்றிய கட்டங்கள் மட்டும்தான் போகும். அதுவரைக்கும் புரோகிராம், திரையைக் காட்டிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற எக்ஸ்எஃப்எம்டி என்ற ஒரு வரியில் தூங்கிக்கொண்டிருக்கும். எந்தக் கட்டத்தில் எண் மட்டும், எந்தக் கட்டத்தைத் தொடவே கூடாது என்பதையெல்லாம் டிடிஎஸ் என்ற திரை வரையறையில் எழுதி வைத்திருப்பார்கள். அந்த விதி திரையோடு சேர்ந்து டெர்மினலுக்கே வந்துவிடும், தப்பான பட்டனைத் தடுப்பதும் டெர்மினல்தான். அதனால் கீபோர்டுப் பிரச்சனைக்கு டீபக் போட்டு, அதாவது புரோகிராமை வரி வரியாக நிறுத்திப் பார்த்து, மணிக்கணக்கில் உட்கார்ந்தாலும் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. தகராறு நடந்ததே புரோகிராம் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில்.

எங்கள் டிஸ்பாட்சில் ஒரு அக்கா இருக்கிறார். மில்லில் டெர்மினல் வந்த நாளிலிருந்து அவர்தான் என்ட்ரி போடுகிறார். கண் சலான் பேப்பரில் இருக்கும், கை தானாக ஓடும், திரையைப் பார்க்கவே மாட்டார். நான் பார்த்தவர்களில் அவர் அளவுக்கு வேகமாகவும் சுத்தமாகவும் என்ட்ரி போடுகிறவர் வேறு யாரும் இல்லை. பழைய டெர்மினல்களை எடுத்துவிட்டு பிசி வைத்த வாரம், அவர் போட்ட ஒரு சலானில் 40 மூட்டைக்குப் பதிலாக 40250 மூட்டை என்று வந்துவிட்டது. மறுநாள் 60 மூட்டை 60120 ஆனது. அக்காவுக்குக் கண் சரியில்லை, வயசாகிவிட்டது என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள், அவரும் முகம் வாடிப்போய் உட்கார்ந்திருந்தார். எனக்கு அது தாங்கவில்லை, அன்று மதியம் முழுக்க அவர் பக்கத்திலேயே இருந்தேன்.

புதுச் சலான் போடும்போது ஒரு தப்பும் வரவில்லை. ஏற்கெனவே போட்ட சலானைத் திருத்தும்போதுதான் கோளாறு தெரிந்தது. மூட்டைக் கட்டத்துக்கு ஐந்து இடம். பழைய எண் 250 வலது ஓரமாக நிற்கிறது, இடப்பக்கம் இரண்டு இடம் காலி, கர்சர் முதல் இடத்தில். அக்கா 4, 0 என்று தட்டுகிறார், அந்த இரண்டு காலி இடமும் நிரம்பித் திரையில் 40250 என்று நிற்கிறது, அப்படியே வலது கை சுண்டுவிரல் பெரிய பட்டனை அடிக்கிறது. திரை போய்விட்டது. பழைய டெர்மினலில் இதே இரண்டு இலக்கம், இதே பெரிய பட்டன், ஆனால் 250 அழிந்து 40 மட்டும் நின்றிருக்கும்.

ஏனென்றால் 5250 டெர்மினலின் 122 பட்டன் கீபோர்டில் அந்தப் பெரிய பட்டன் என்டர் இல்லை. அது ஃபீல்டு எக்ஸிட். கர்சர் இருக்கிற இடத்திலிருந்து கட்டத்தின் கடைசி வரை அழித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகும். என்டர் இருந்தது ஸ்பேஸ் பார் வரிசையின் வலப்பக்க ஓரத்தில், இன்றைய பிசி கீபோர்டில் வலது கன்ட்ரோல் இருக்கிற இடத்தில். கட்டத்துக்குக் கட்டம் பெரிய பட்டன், எல்லாம் முடிந்ததும் கீழே இருக்கிற என்டர் என்று அத்தனை வருஷமாக அவர் விரல் பழகியிருக்கிறது. எங்கள் புது பிசிகளில் போட்டுக் கொடுத்த எமுலேட்டரில், அதாவது பிசியைப் பழைய டெர்மினல் மாதிரி நடக்க வைக்கிற புரோகிராமில், பெரிய பட்டனை என்டர் என்று வைத்திருந்தார்கள். அக்காவின் விரல் தப்பே பண்ணவில்லை, பட்டனின் அர்த்தத்தை நாம்தான் மாற்றிவிட்டு அவரிடம் சொல்லாமல் இருந்திருக்கிறோம். காலிக் கட்டத்தில் அழிக்க வேண்டியது எதுவும் இல்லாததால் புதுச் சலானில் இது வெளியே தெரியவில்லை.

எமுலேட்டரின் கீபோர்டு செட்டிங்கில் போய் பெரிய பட்டனை ஃபீல்டு எக்ஸிட் என்றும் வலது கன்ட்ரோலை என்டர் என்றும் மாற்றினேன். ஐந்து நிமிஷ வேலை. அக்கா ஒரு சலான் போட்டார், இரண்டு போட்டார், அப்புறம் என் பக்கம் திரும்பி "இப்பத்தான் என் மிசினு மாதிரி இருக்குது தம்பி" என்றார். புதுப் பையன்கள் உட்கார்கிற இரண்டாவது ஷிப்டுக்கு இது எதிராகப் போகும், அவர்கள் பிசியில் பழகி வந்தவர்கள், பெரிய பட்டன் என்டராக இல்லாவிட்டால் தடுமாறுவார்கள். அதனால் எந்தப் பட்டனுக்கு என்ன வேலை என்று சொல்கிற கீமேப் கோப்பு இரண்டு விதமாக வைத்திருக்கிறேன், ஆள் பெயருக்குத் தகுந்தபடி அது அது எடுத்துக்கொள்ளும். எல்லோருக்கும் ஒரே மாதிரி வை, பழகிக்கொள்வார்கள் என்று சொன்னவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ளவில்லை. அக்கா நாளெல்லாம் தட்டுகிற பட்டனை அவர் கைக்கு ஏற்ற மாதிரி வைத்துக் கொடுப்பது என் வேலை. கூடவே புரோகிராமிலும் ஒரு சோதனை போட்டேன், ஒரு லாரி தாங்குகிற மூட்டைக்கு மேல் எண் வந்தால் நிறுத்திக் கேட்கும். அது முதல் நாளே இருந்திருக்க வேண்டியது.

இதே வகையில் லேப்டாப் கொடுத்த இடத்தில் இன்னொரு தலைவலி வந்தது. பார்ட்டி திருப்பி அனுப்பிய மூட்டையைக் கழித்துப் போட ஃபீல்டு மைனஸ் என்ற பட்டன் வேண்டும், அது நம்பர் பேடில் இருக்கும், சின்ன லேப்டாப்பில் நம்பர் பேடே கிடையாது. தனியாக ஒரு யுஎஸ்பி நம்பர் பேடு வாங்கிக் கொடுத்ததும் முடிந்தது.

சரி, "செத்துப்போச்சு" என்பதற்கு வருகிறேன். தொடக்கூடாத இடத்தில் கர்சர் இருக்கும்போது எதையாவது தட்டினால் 0005 என்று காட்டும், பாதுகாத்த இடத்தில் கர்சர் இருக்கிறது என்று அர்த்தம். இன்சர்ட் போட்டுவிட்டு நிரம்பிய கட்டத்தில் எழுத்தை நுழைத்தால் 0012, இடம் இல்லை. இந்த நாலு இலக்கம் வந்துவிட்டால் கீபோர்டு பூட்டிக்கொள்ளும், ரீசெட் அழுத்துகிற வரை எதைத் தட்டினாலும் நகராது. பெரும்பாலான பிசிகளில் இடது கன்ட்ரோல்தான் ரீசெட். பழைய ஆட்களுக்கு இது தண்ணி பட்ட பாடு. புதுப் பையன்கள் மவுஸால் "பார்ட்டி பெயர்" என்ற தலைப்பின் மேலேயே கிளிக் செய்துவிட்டு அங்கே தட்டுவார்கள், 0005 வரும், கீபோர்டு செத்துவிட்டது என்று போன் வரும். டேப் பட்டனால் நகரச் சொல்லிக் கொடுத்தால் போதும். பூட்டு தானாகத் திறந்துகொள்கிற வசதி சில எமுலேட்டர்களில் உண்டு, எண் போடுகிற திரைகளுக்கு நான் அதை வைப்பதில்லை. அக்கா மாதிரி திரையைப் பார்க்காமல் அடிக்கிறவர்களுக்குப் பூட்டிக்கொண்டால்தான் கை நிற்கும், இல்லாவிட்டால் நடுவில் இரண்டு இலக்கம் விழுங்கப்பட்டது யாருக்கும் தெரியாது.

லேபர் ஆபீசில் வேறு மாதிரி. அங்கே ஒருவர் நோட்டீஸ் எல்லாம் தமிழ்99-இல் டைப் செய்வார், டைப் செய்துவிட்டு அப்படியே 5250 திரைக்கு வருவார், எந்த எழுத்தும் ஏறாது. அந்தத் திரைக்குப் பின்னால் இருப்பது 37-ஆம் எண் எப்சிடிக் எழுத்துப் பட்டியல், அதில் தமிழ் எழுத்துக்கு இடமே இல்லை. விண்டோஸ் பட்டனையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தி ஆங்கிலத்துக்கு மாறினால் சரியாகிவிடும். எழுத்துப் பட்டியலிலேயே தப்பு இருந்த ஒரு பிசியும் பார்த்தேன்: அதில் தட்டிய ஆச்சரியக்குறி மற்ற பிசிகளில் நெட்டைக்கோடாகத் தெரிந்தது. ஏஎஸ்/400 பக்கம் 37, எமுலேட்டரில் 500 என்று யாரோ வைத்திருந்தார்கள். 500-இல் ஆச்சரியக்குறிக்கு உள்ள அதே எண்தான் 37-இல் நெட்டைக்கோட்டுக்கு. எழுத்து, எண் எல்லாம் ஒழுங்காக விழுந்து இப்படிக் குறிகள் மட்டும் மாறி விழுந்தால் கீபோர்டைத் தொடவே வேண்டாம், இந்த எண்ணைப் பாருங்கள். நிஜமாகவே கீபோர்டு கெட்டதும் நடந்திருக்கிறது, மில் இல்லையா, நூல் நூற்கிற ரிங் ஃப்ரேம் பக்கம் இருக்கிற பிசியில் பஞ்சுத் துகள் உள்ளே போய் ஷிஃப்ட் பட்டனைப் பிடித்துக்கொள்ளும். மாதம் ஒரு தடவை ஊதிவிட வேண்டும்.

என்னை அதிக நாள் அலைக்கழித்தது ஏற்காடு விஷயம்.

கேஷ் செக்‌ஷனில் தினமும் ஏதோ ஒரு நேரத்தில் கீபோர்டு உறைந்துபோகும். நாலு இலக்கம் எதுவும் வராது, ரீசெட்டுக்கும் மசியாது. சரியாக ஒரு நிமிஷம் கழித்து ஒரு பிழைச் செய்தி வந்து புரோகிராம் விழும். சரியாக ஒரு நிமிஷம் என்பதுதான் எனக்குத் துப்பு. ஏஎஸ்/400-இல் ஒரு ரெக்கார்டை வேறு யாராவது பிடித்து வைத்திருந்தால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று ஃபைலிலேயே ஒரு அளவு இருக்கும், நாம் மாற்றாவிட்டால் அது 60 விநாடி. அடுத்த முறை உறைந்தபோது ஓடிப்போய் ஓடிக்கொண்டிருக்கிற ஜாப்களை, அதாவது வேலைகளைக் காட்டுகிற டபிள்யுஆர்கே-ஆக்ட்ஜாப் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். கேஷ் செக்‌ஷன் ஜாப்பின் நிலை எல்சிகேடபிள்யு, அதாவது பூட்டுக்காகக் காத்திருக்கிறது. டிஸ்ப்ளே எதிரே ஆளுக்காகக் காத்திருந்தால் டிஎஸ்பிடபிள்யு என்று இருக்கும். கீபோர்டு சரியில்லை என்று போன் வந்தால் முதலில் இந்த இரண்டில் எது என்று பாருங்கள், பாதி அலைச்சல் மிச்சம். எல்சிகேடபிள்யு என்றால் கீபோர்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. டிஎஸ்பி-ஆர்சிடி-எல்சிகே கட்டளை பூட்டு யார் கையில் என்று காட்டியது: ஏற்காடு எஸ்டேட் ஆபீஸ் டெர்மினல்.

போன் போட்டேன். எஸ்டேட் ரைட்டர் அண்ணன், "நான் ஒண்ணும் பண்ணலையே தம்பி, இங்கே மழையில லைன் போயி அஞ்சு நிமிஷம் ஆச்சு" என்றார். லைன் போனது மலையில் இருக்கிறவருக்குத் தெரியும், கீழே இருக்கிற பெட்டிக்குத் தெரியாது. டெர்மினலை லைன் வழியாகப் பெட்டியோடு இணைக்கிற டெல்நெட்டில், ஆள் இருக்கிறாரா என்று தட்டிப் பார்க்கிற இடைவெளியை யாரும் மாற்றாமல் முதலில் இருந்த 600 விநாடியாகவே விட்டிருந்தார்கள், அதுவரை அந்த ஜாப் உயிரோடுதான் இருக்கும், கையில் பிடித்த ரெக்கார்டை விடாது. அதை 120 ஆக்கினேன். உறைவது குறைந்ததே தவிர நிற்கவில்லை, மழை இல்லாத நாளிலும் வந்தது.

அதனால் ஒரு நாள் காலை பஸ்ஸில் மேலே போனேன். நவம்பர் கடைசி, பறிப்பு நேரம். அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவும் மூடுபனிக்குள் இருந்தது. ஆபீஸ் என்பது எடை மேடையை ஒட்டிய ஒரு ஓட்டு அறை. ரைட்டர் அண்ணன் உள்ளே வந்ததும் முதல் வேலையாகக் கூலி வவுச்சர் திரையைத் திறந்தார். மேல் மூலையில் அடுத்த வவுச்சர் நம்பர் வந்து நின்றது. அதைப் பார்த்துத் தன் நீளக் கணக்குப் புத்தகத்தில் சிவப்புப் பேனாவால் எழுதினார், பேனாவை மூடிக் காதில் செருகிக்கொண்டு எடை போட வெளியே போய்விட்டார். சாக்கு சாக்காகப் பழம் வந்துகொண்டே இருந்தது. கர்சர் காலிக் கட்டத்தில் ஒரு மணி நேரம் மின்னிக்கொண்டிருந்தது. என் போனில் கேஷ் செக்‌ஷன் நம்பர் இரண்டு தடவை அடித்தது.

வவுச்சர் நம்பர் கொடுக்கிற ரெக்கார்டு ஒன்றே ஒன்று, மில்லுக்கும் எஸ்டேட்டுக்கும் பொது. புரோகிராம் அதைத் திருத்துவதற்காகப் படிக்கிறது, படித்த உடனே பூட்டு விழுகிறது, நம்பரைத் திரையில் காட்டிவிட்டு எக்ஸ்எஃப்எம்டியில் தூங்கப் போகிறது. ஆள் என்டர் அடிக்கிற வரை பூட்டு அப்படியே. ஒரே அறையில் இரண்டு டெர்மினல் இருந்த காலத்தில் எழுதிய புரோகிராம், அன்றைக்கு இது யாரையும் தொந்தரவு செய்திருக்காது. எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன்.

திருத்துவது கஷ்டமில்லை. திரைக்கு முன்னால் பூட்டு இல்லாமல் படிக்க வேண்டும், ரெக்கார்டைப் படிக்கிற செயின் கட்டளைக்கு அடைப்புக்குறியில் 'N' என்ற ஆங்கில எழுத்தைச் சேர்த்தால் போதும். என்டர் வந்த பிறகு மறுபடி பூட்டோடு படித்து, நம்பரை ஒன்று கூட்டி, உடனே எழுதிவிட வேண்டும். பூட்டு கண் சிமிட்டுகிற நேரம்தான் இருக்கும். ஆனால் அப்படிச் செய்தால் முன்னாலேயே காட்டுகிற நம்பருக்கு உத்தரவாதம் இல்லை, நடுவில் சேலத்தில் ஒருவர் அதை எடுத்துவிடலாம். ரைட்டர் அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. "நம்பர் எழுதாம கணக்குப் புஸ்தகத்துல வரி ஆரம்பிக்க மாட்டேன் தம்பி, இத்தனை வருசப் பழக்கம்" என்றார். நியாயம்தான், அந்தப் புத்தகத்தை வைத்துத்தான் ஆடிட்டருக்குப் பதில் சொல்கிறார். கடைசியில் ஒரு வழி பேசிக்கொண்டோம்: வரியை ஆரம்பிப்பது பறிப்பவரின் பெயரில், வவுச்சர் சேமித்ததும் நம்பர் திரை நடுவில் தனியாகப் பெரிய பெட்டிக்குள் வரும், அதை எழுதிவிட்டு என்டர் அடித்தால்தான் மறையும். அவர் புத்தகத்தில் நம்பருக்கு ஒரு கட்டம் விட்டுக் கோடு போட்டுக்கொண்டார். சும்மா இருக்கிற திரைகளை வெட்டிவிடுகிற க்யூஇன்ஆக்ட்-ஐடிவி அளவை வைத்தால் போதுமே என்று மில்லில் ஒரு யோசனை வந்தது. நான் வேண்டாம் என்றேன், பாதி போட்ட கூலிப் பட்டியலோடு அவர் திரை போய்விட்டால் மறுபடி தட்டப்போவது அவர்தான்.

அந்தப் புரோகிராம் மாறியதிலிருந்து கேஷ் செக்‌ஷனிலிருந்து உறைகிறது என்று போன் வரவில்லை.

இப்போது கையில் இருப்பது பார்கோடு ஸ்கேனர். நூல் மூட்டையில் ஸ்டிக்கர் ஒட்டி ஸ்கேன் செய்து ஏற்றுகிறார்கள், சில சமயம் "உறுதியா?" என்று கேட்கிற திரை யாரும் பதில் சொல்லாமலே போய்விடுகிறது. பார்த்ததில், மூட்டை நம்பர் கட்டத்துக்கு டிடிஎஸ்ஸில் செக் இ.ஆர். போட்டிருக்கிறது, கடைசி எழுத்து விழுந்ததும் தானாக என்டர் ஆகும். ஸ்கேனரும் தன் பங்குக்குக் கடைசியில் ஒரு என்டர் சேர்த்து அனுப்புகிறது. முதல் என்டர் மூட்டையைக் கொண்டுபோகிறது, இரண்டாவது வரிசையில் காத்திருந்து அடுத்து வருகிற கேள்விக்குப் பதிலாகப் போய் விழுகிறது. ஸ்கேனர்களில் அந்தக் கடைசி என்டரை எடுக்கலாம், ஆனால் அதே ஸ்கேனரை ஸ்டோர்ஸில் பிசி புரோகிராமுக்கும் பயன்படுத்துகிறார்கள், அங்கே என்டர் வேண்டும். அதனால் இ.ஆர்.-ஐத்தான் எடுக்கிறேன். ஒரு திரையில் எடுத்தாயிற்று, இன்னும் மூன்று திரை பாக்கி. பொங்கலுக்கு மில் நிற்கும்போது அக்காவை ஒரு மணி நேரம் வரச் சொல்லியிருக்கிறேன், அவர் ஸ்கேன் செய்ய நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.